அந்த விசில் என்னோடது

வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு மும்பையில் விசில் பறந்த கதை தெரியுமா உங்களுக்கு?

நிஜமாகவே பறந்தது. 2008 பிப்ரவரி 1-ம் தேதி ராத்திரி. பாந்த்ரா - குர்லா வளாகத்து மைதானம். மேடையில் இன்னும் ஆள் வரவில்லை. ஸ்பீக்கரில் சர்ச்சிலின் பழைய யுத்தகாலப் பேச்சு ஓடுகிறது. காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று நக்கலடித்த அதே மனிதர். வங்காளத்தில் 1943-ல் லட்சக்கணக்கான பேர் பட்டினியில் செத்தபோது லண்டனில் பிரதமராக இருந்தவர். அந்தக் குரலுக்கு ஆயிரக்கணக்கான இந்தியப் பசங்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்!

பதற வேண்டாம். சத்தம் சர்ச்சிலுக்கு அல்ல. அவர் பேசி முடித்ததும் மேடைக்கு ஓடி வரப்போகிற ஆறு பேருக்கு. 'அயர்ன் மெய்டன்' என்பது அந்தக் குழுவின் பெயர். 1975-ல் கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்கிற பேஸ் கிடார்காரர் ஆரம்பித்தது. (இவர்கள் ஹார்ட் ராக்கா, ஹெவி மெட்டலா என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். எங்கள் தெருவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே பேர்தான்: 'காட்டுக் கத்தல்'.) மும்பைக்கு வந்தபோது ஆறு பேருமே ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். நம்மூரில் அந்த வயசில் சுகர் மாத்திரையோடு வாக்கிங் போவோம். இவர்கள் ஒரு போயிங் 757 விமானத்தை எடுத்துக்கொண்டு, டன் கணக்கில் சாமான்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, 45 நாளில் 23 கச்சேரி செய்யக் கிளம்பினார்கள். விமானத்தை ஓட்டியது யார் தெரியுமா? பாடகர் புரூஸ் டிக்கின்ஸன். ராத்திரி பாட்டு, மறுநாள் பைலட் சீட்டு.

அந்தப் பயணத்தைப் படமாக எடுத்தார்கள். 2009-ல் 'ஃபிளைட் 666' என்ற பேரில் லைவ் ஆல்பமாகவும் வந்தது. அதில் ஒரு விசேஷம். மொத்தம் 16 பாட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் பதிவானது. மெல்போர்ன், சிட்னி, டோக்கியோ, மெக்ஸிகோ சிட்டி, பொகோட்டா என்று ஊர் மாற மாற, கத்துகிற ஜனத்தின் பாஷையும் மாறிக்கொண்டே போகும். இந்த வரிசையில் முதல் பாட்டு எந்த ஊர்? நம்ம மும்பை. 'ஏசஸ் ஹை' என்கிற பாட்டு. 1940-ல் ஜெர்மானிய விமானங்களோடு வானத்தில் சண்டை போட்ட பிரிட்டிஷ் பைலட்டுகளைப் பற்றியது. அதனால்தான் முன்னால் சர்ச்சில்.

உலகம் பூரா விற்ற ஒரு ராக் ஆல்பத்தில், பாட்டுக்காரனுக்கு முன்னால் நம் ஜனங்களின் குரல்தான் கேட்கிறது. இதை நான் யாரிடம் சொன்னாலும், ''சரி, அதனால என்ன?'' என்கிறார்கள். அதனால் என்னவென்று சொல்லத்தான் இந்த வாரம்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்கள் ஊர்ப்பக்கம். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட இடம். எதிர்வீட்டுப் பையன் என்னோடு படித்தவன். நான் பி.காம் முடித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டு மும்பை மாதுங்காவில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு வேலைக்குப் போனான். தறியில் உட்கார்ந்து நெய்ய வேண்டியவன், நெய்த புடவையை விரித்துக் காட்டுகிற வேலைக்குப் போனான். அவன் தலைமுறையில் நிறைய பேருக்கு அப்படித்தான் ஆயிற்று.

இந்தக் காட்டுக் கத்தல் பைத்தியம் எங்கள் இருவருக்கும் கேசட் காலத்தில் தொற்றியது. 2007 மார்ச் 17-ம் தேதி இதே குழு பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது நான் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவனுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. மறுவருஷம் அவன் ஊருக்கே அவர்கள் வந்ததும், கடையைச் சாத்துவதற்கு முன்பே நழுவி ஓடியிருக்கிறான்.

ஆல்பம் வந்ததும் எனக்கு போன். ''முதல் பாட்டு போட்டுக் கேளு. ஆரம்பத்துல ஒரு விசில் வரும் பாரு, நீளமா. அது என்னோடது!''

கேட்டேன். ஒரு விசில் அல்ல, ஓராயிரம் விசில் கேட்டது. அதில் பிள்ளையார்பாளையத்து விசிலை எப்படிப் பிரிப்பது? ''ஆமாண்டா, கேக்குது'' என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் அவன் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அவனுடைய அப்பா நாற்பது வருஷம் நெய்தவர். அவர் கைபட்ட புடவைகளை எத்தனையோ மணப்பெண்கள் கட்டியிருப்பார்கள். ஒன்றிலும் அவர் பேர் கிடையாது. அட்டைப்பெட்டியில் கடையின் பேர் இருக்கும். மகனுடைய விசில் மட்டும் லண்டனில் போட்ட ரெக்கார்டில் ஏறிவிட்டது, அதுவும் பேர் இல்லாமல். அவன் ஏன் அதை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குப் புரிகிறது.

இந்த ஆல்பத்தை ஒருநாள் நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தறியைவிட்டு மேலே ஏறி உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முழுப்பாட்டையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

''இவ்ளோ வேகமாப் போறாங்களே, நடுவுல இழை அறுந்தா இன்னா பண்ணுவாங்க?''

ராக் இசையைப் பற்றிப் பத்திரிகைகளில் நான் படித்த எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி!

நைனா கோர்வைப் புடவை நெய்கிறவர். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற கோட்டில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா தேவை. ஒரு பக்கத்தை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்காரணும். பள்ளிக்கூட லீவு நாட்களில் அந்த இன்னோர் ஆள் நான்தான். நைனா குழிக்குள் காலைவிட்டு மிதிப்பார். டக், டக்கா, டக். அந்தத் தாளத்தில் என் நாடா சரியான இடத்தில் விழணும். இடையில் பாவு இழை ஒன்று அறுந்தால் எல்லாம் நிற்கும். நைனா குனிந்து, முடியைவிட மெல்லிசான அந்த இழையின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, முடிந்து, விரலால் நீவிவிட்டு மறுபடி மிதிப்பார். புடவையைத் திருப்பிப் பார்த்தால், தெரிந்தவன் கண்ணுக்கு அந்த இடம் தெரியும்.

அவருக்கு நான் சொன்ன பதில் இது: ''ஸ்டுடியோவில பாடினா அறுந்த இடத்தைத் திரும்பப் பாடி ஒட்டிடுவாங்க நைனா. இது லைவு. அறுந்தாலும் நிக்கக் கூடாது. அப்படியே போகணும்.''

''அப்ப கஷ்டம்தான்'' என்று மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டார்.

ஆனால் லைவ் ஆல்பங்களின் சரித்திரம் நான் சொன்ன அளவுக்குச் சுத்தம் கிடையாது.

இந்த வகையில் பெரிய கோயில் கோபுரம் என்றால் 'டீப் பர்ப்பிள்' குழுவின் 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவில், 17 டோக்கியோவில். (நாம் இங்கே சுதந்திர வெள்ளிவிழா கொண்டாடிக்கொண்டிருந்த அதே நாட்கள்!) குழுவுக்கு லைவ் ரெக்கார்டு போடுவதில் பெரிய ஆசையில்லை. ஜப்பானியக் கம்பெனிதான் விடாமல் கேட்டது. சரி, எங்கள் ஆள்தான் பதிவு செய்யணும் என்று மார்ட்டின் பர்ச் என்ற இன்ஜினீயரைக் கூட்டிப் போனார்கள். மூன்று ராத்திரி. ஏழே பாட்டு, இரண்டு இசைத்தட்டு. மொத்தச் செலவு மூவாயிரம் டாலர் அளவில்தான் என்பார்கள். பி.காம் படித்தவன் புத்தி இந்த இடத்தில் சும்மா இருக்காது. ஸ்டுடியோ வாடகை மிச்சம், மாசக்கணக்கில் உட்காரும் செலவு மிச்சம். கைதட்டல் இலவசம். விற்பனையோ கோடிக்கணக்கில்! இதைவிட அழகான பேலன்ஸ் ஷீட் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. என்ன, அந்த இலவசக் கைதட்டலைச் சொத்துப் பக்கத்தில் எழுதுவதா, கடன் பக்கத்தில் எழுதுவதா என்றுதான் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அதே மார்ட்டின் பர்ச்தான் பிற்பாடு அயர்ன் மெய்டனின் தயாரிப்பாளர் ஆனார். 1984-ல் 'ஏசஸ் ஹை' முதன்முதலில் ஸ்டுடியோவில் பதிவானது அவர் கையில்தான். 2020-ல் காலமானார்.

இப்படி லாபம் வரும் இடத்தில் கலப்படம் வராமல் இருக்குமா? 1975-ல் 'கிஸ்' குழு 'அலைவ்' என்று ஒரு லைவ் ஆல்பம் போட்டது. முங்கிக்கொண்டிருந்த கம்பெனியையே அது கரை சேர்த்தது. பிற்பாடுதான் விஷயம் வெளியே வந்தது. சொதப்பிய இடங்களை ஸ்டுடியோவில் திரும்பப் பாடி, வாசித்து ஒட்டியிருக்கிறார்கள். 'தின் லிஸ்ஸி' குழுவின் 1978 ஆல்பத்துக்கு இன்னும் வேடிக்கையான வழக்கு. ''முக்கால்வாசி ஸ்டுடியோவில் செய்தது'' என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்ட்டி. ''இல்லை, முக்கால்வாசி மேடையில் வாசித்தது'' என்றது குழுவின் தரப்பு. கால்வாசி கலப்படம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வியாபாரம் நன்றாகப் புரியும். விசைத்தறியில் ஓடிய புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னின்ன ரகம் கைத்தறிக்கு மட்டும் என்று 1985-லேயே சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் ஏமாறுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். புடவை வாங்கப் போகிற பெண்களுக்கு நைனா சொல்வது ஒன்றே ஒன்று: ''மேல்பக்கத்தைப் பாக்காதம்மா. திருப்பிப் பாரு.'' கோர்வை சேருகிற கோட்டைப் பின்பக்கம் பார்த்தால் கைவேலை கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருக்கும். ரூலர் வைத்த மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம்.

லைவ் ஆல்பத்துக்குப் பின்பக்கம் எது? என்னைக் கேட்டால், கூட்டம். பாடுகிறவனைத் திருத்தலாம், கிடாரைத் திருத்தலாம். ஓர் ஊரின் ஜனம் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்தது, எந்த இடத்தில் வெடித்தது என்பதை இட்டுக்கட்டுவது லேசு இல்லை. வைகாசி கருட சேவையன்று கங்கைகொண்டான் மண்டபத்தருகே நின்றிருக்கிறீர்களா? குடை தெரிந்ததும் ஒரு சத்தம் வரும் பாருங்கள்... அதை எந்த ஸ்டுடியோவில் போய்ச் செய்வீர்கள்? 'ஃபிளைட் 666' படத்தில் கொலம்பியாவில் ஓர் ஆள் வருவார். டிரம்மர் வீசிய குச்சி அவர் கையில் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். சாமி கழுத்து மாலை கிடைத்தவன் முகம் அது. பாஷை தெரிய வேண்டியதில்லை.

சரி, எங்கள் ஊரில் ஹார்ட் ராக் உண்டா?

இருந்தது என்பேன். சிரிக்காதீர்கள். காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை என்று ஒரு மகா வித்வான். 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். அந்தக் காலத்துக் கச்சேரிக்கு வயலின், மிருதங்கம் போதும். இவர் மேடையிலோ அவற்றோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே உட்காரும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பேர். கோர்ட்டில் நீதிபதிகள் வரிசையாக உட்காருவதுபோல! தாள விவகாரத்தில் பெரிய சூரர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற லய மலைகள் பக்கத்தில் உட்கார்ந்து விரட்ட, இவர் கணக்குத் தவறாமல் பல்லவி பாடுவாராம். மைக் பரவாத காலம். ஊர்க்கூட்டம் முன்னால். இது லைவ் இல்லாமல் வேறென்ன?

அந்தக் குரலை இன்று நாம் கேட்க முடியாது. அவர் பாடிய ஓர் இசைத்தட்டுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட இல்லை. லண்டன்காரர்கள் மும்பையில் ஒரே ஒரு ராத்திரி பாடியது விசில் உள்பட பத்திரமாக இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர் காஞ்சிபுரத்தில் வருஷக்கணக்கில் பாடியது போயே போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆனால் முழுக்கப் போகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்த ஊர்க்கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். நைனாப் பிள்ளை காஞ்சிபுரத்தில் நடத்திய தியாகராஜ உற்சவத்துக் கச்சேரிகளை அண்ணன் தம்பிகளோடு போய்க் கேட்பாள். கேட்ட கீர்த்தனைகளை வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து பாடிப் பார்ப்பார்கள். நைனாப் பிள்ளை காலமானபோது அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயசு. பிற்பாடு, பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவதா என்றிருந்த காலத்தில் துணிந்து பாடியவர். டி.கே. பட்டம்மாள்தான் அவர். 2009-ல் மறைந்தார், இந்த மும்பைப் பாட்டு ஆல்பமாக வந்த அதே வருஷம். பட்டம்மாளின் பழைய ரெக்கார்டுகளில் அந்த லயக் கட்டுப்பாட்டைக் கேட்கும்போது, இதில் எவ்வளவு பங்கு அன்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப்பெண்ணின் காது என்று யோசிப்பேன். நைனாப் பிள்ளையின் நேர் சிஷ்யர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பதிவுகளும் கிடைக்கின்றன. கேட்டுப் பாருங்கள். பதிவுக் கருவி இல்லாத காலத்தில் கேட்டவர்களே டேப்பாக இருந்திருக்கிறார்கள்.

கேட்டவர்கள் எல்லாரும் பட்டம்மாள் ஆவதில்லை, அது வேறு விஷயம். என் தாத்தா சின்னப் பையனாக வெளித்திண்ணைப் பக்கம் நின்று நைனாப் பிள்ளை கச்சேரியைக் கேட்டதாகச் சொல்வார். அவருக்குப் பாட்டு வராது. தறியில் உட்கார்ந்து நெய்யும்போது தா, தீ, தொம் என்று வாயால் ஏதோ உருட்டிக்கொண்டேயிருப்பார். அது சரியான ஜதியா, அவராக விட்ட சரடா என்று கண்டுபிடிக்க இன்றைக்கு ஆள் இல்லை. ஆனால் மிதிக்கு அது ஒத்துப்போகும். நைனா அந்த உருட்டலைக் கேட்டுத்தான் மிதி பழகினார். எனக்குத் தெரிந்தது நைனாவின் மிதி மட்டும்.

இப்போது அந்த மிதியும் இல்லை. முழங்கால் போய்விட்டது. 2019-ல் நைனா தறியைவிட்டு ஏறியவர் மறுபடி இறங்கவில்லை. குழியை மூடி சிமென்ட் பூசி, மேலே ஃபிரிட்ஜை வைத்தாகிவிட்டது. அயர்ன் மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் 2024 டிசம்பரில், 72 வயசில், பிரேசிலின் சாவோ பாவ்லோவோடு இனி சுற்றுப்பயணம் போதும் என்று நிறுத்திக்கொண்டார். செய்தியைப் படித்துச் சொன்னேன். ''காலாலயும் அடிக்கணும்ல அந்த மோளம்? அதான்'' என்றார் நைனா.

நெசவாளர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காக 2017-ல் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தை போனில் பதிவு செய்திருந்தேன். பதினோரு நிமிஷம். கட்டுரைக்கு உபயோகப்படவில்லை, ஆனால் அழிக்காமல் போனுக்குப் போன் மாற்றி வைத்திருந்தேன். போன மாசம் நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். டக், டக்கா, டக். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிஷத்தில் சட்டென்று சத்தம் நிற்கிறது.

''இழை அறுந்துச்சு'' என்றார். ''அரக்கு உடம்பு, பச்சைக் கரை. அந்தப் பாவு முழுக்கத் தொல்லை குடுத்துச்சு.''

தறி நின்ற அந்த இடைவெளியில்தான் மற்றதெல்லாம் கேட்கிறது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. பக்கத்து வீட்டு டி.வி. அப்புறம், மெலிசாக, ராட்டை சுற்றுகிற சத்தம். ஊடைக்கான தாரை எங்கள் வீட்டில் கடைசிவரை அம்மாதான் சுற்றினாள். 2021-ல் போய்விட்டாள். பதிவில் அவள் குரல் வருகிறது: ''இது போதுமா, இன்னும் ரெண்டு தார் சுத்தட்டுமா?''

நைனா பதில் சொன்னது பதிவில் கேட்கவில்லை. இழையை முடிந்துகொண்டிருந்திருப்பார். அதற்குள் தறி மறுபடி ஆரம்பித்துவிடுகிறது.

''கொஞ்சம் பின்னால தள்ளு'' என்றார். ''ராட்டை வர்ற எடத்துல இருந்து போடு. சவுண்டு கூட வை.''